நாடகக் குழுவோடு ஒரு முதல் படம்: நிகழ்வு ஆய்வு

தென் மாவட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நவீன நாடகம் செய்துவந்த ஓர் இயக்குநர், 2016இல் தன் குழுவின் நடிகர்களை வைத்தே முதல் படத்தை எடுத்தார். படம் 2018இல் வெளியானது. அவருடைய சம்மதத்தோடு, ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். குழுவில் கணக்கும் பயண ஏற்பாடும் என் பொறுப்பு. படப்பிடிப்பில் உதவி இயக்குநர்களோடு நின்றேன். படத்தின் தரத்தைப் பற்றி மற்றவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நாடகத்தில் பழகிய வேலைமுறையைக் காப்பாற்ற அவர் சில முடிவுகள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதைத்தான் பதிவு செய்ய நினைக்கிறேன்.

பின்னணி

அவருடைய அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த மரபில் வரும் வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம் போன்றவற்றைக் கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடத்துவார்கள். இந்த நாடகங்களுக்கு நிரந்தரக் குழு கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் (நாயகி) இன்னோர் ஊரிலிருந்து, பபூன் (கோமாளி) வேறோர் ஊரிலிருந்து தேதி கொடுத்து வந்து சேருவார்கள். ஒருவரை ஒருவர் அன்று இரவு மேடையில்தான் பார்ப்பார்கள். பாடமும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் நாடகம் நடக்கும்.

அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்து வளர்ந்த மகன், நேர் எதிரான வழிக்குப் போனார். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் படித்தார். 1977இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம் என ஒரு தலைமுறை ஏற்கெனவே பாதை போட்டிருந்தது. 1990களின் நடுவில் இவரும் ஒரு குழுவைத் தொடங்கினார். அந்தக் குழுவின் உயிரே ஒத்திகைதான். ஒரு நாடகத்துக்கு மூன்று மாதம், சில நேரம் ஐந்து மாதம். வசனம் முதல் மாதம் தாளில் இருக்கவே இருக்காது. நடிகர்கள் பேசிப் பேசிக் கண்டடைந்ததை அவர் இரவில் உட்கார்ந்து எழுதுவார். நடிகர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள், அச்சகத் தொழிலாளர்கள், ஒரு மின்வாரிய ஊழியர். எல்லோரும் வேலை முடிந்து மாலையில் வருவார்கள். சம்பளம் இல்லை, நிகழ்ச்சிக்குப் போனால் பயணச் செலவும் சாப்பாடும்.

குழுவின் மூத்த நடிகை மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தவர். முப்பது வருடம் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் போட்டவர். வயதானதும் தேதிகள் குறைந்தன. அப்பாவைத் தெரியும் என்ற உறவில் இயக்குநர் அவரை அழைத்துவந்தார். எங்களுக்கெல்லாம் அவர் அக்கா; இயக்குநரை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

படத்துக்கு வந்த அழைப்பு

2016 தொடக்கத்தில், சொந்தத் தொழில் செய்துவந்த ஒருவர் எங்கள் நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இதே ஆட்களை வைத்து ஒரு படம் பண்ணலாமா என்று கேட்டார். ஒரு கோடிக்கும் குறைவான செலவு, டிஜிட்டல் கேமரா, முப்பத்தைந்து நாள் படப்பிடிப்பு என்று பேச்சு முடிந்தது. கண்மாய்ப் பாசனக் கிராமம் ஒன்றில், நிலத்தை விற்க மறுக்கும் ஒரு கிழவியின் கதை. கிழவி அக்காதான்.

அப்போது இயக்குநருக்கு வயது 48. குழுவில் இரண்டு கருத்து இருந்தது. சினிமாவுக்குப் போனால் குழு சிதறும் என்று சிலர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. கூத்துப்பட்டறையில் பயின்ற பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் சினிமாவில் பெயர் வாங்கியதைப் பார்த்து, நாடகத்தையே சினிமாவுக்கான வாசலாக நினைக்கும் இளைஞர்கள் எங்களிடமும் வந்துகொண்டிருந்தார்கள். இயக்குநர் எல்லோரையும் உட்காரவைத்து, "குழுவா போறோம், குழுவாத் திரும்பி வர்றோம்" என்றார். யாரும் எதையும் தாளில் எழுதவில்லை. சம்பளம் எவ்வளவு, பேட்டா (தினப்படி) எவ்வளவு, படம் விற்றால் குழுவுக்கு என்ன பங்கு என்பதெல்லாம் வாய்ப்பேச்சாகவே இருந்தது. பிற்பாடு வந்த சிக்கல்களில் பாதி இங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எங்கள் ஒத்திகைக் கூடத்திலேயே முழுத் திரைக்கதையையும் நடித்துப் பார்த்தோம். தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு வீடு, திண்ணை, அடுப்படி எல்லாம் பிரித்தோம். எல்லோரும் தயார் என்றுதான் நினைத்தோம்.

முதல் நாட்களில் தெரிந்தது

தீபாவளி முடிந்து, நவம்பர் முதல் வாரம் படப்பிடிப்பு தொடங்கியது. முதல் காட்சி: கிழவி திண்ணையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். மூத்த மகன் வந்து, பக்கத்து நிலத்துக்காரர் விற்றுவிட்டார் என்று சொல்கிறான்.

முதல் டேக்கிலேயே அக்காவின் குரல் தெருமுனை வரை போனது. மைக் இரண்டடி தூரத்தில் இருந்தது. அதைச் சரிசெய்வது சுலபம். அரை மணி நேரத்தில் குரலை இறக்கிவிட்டார். அப்புறம் தெரிந்ததுதான் பெரிய சிக்கல். நடிகர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தார்கள். மகன் அம்மாவிடம் பேச வேண்டும். உடம்பு முக்கால்வாசி கேமராவைப் பார்த்து நிற்கும். கேமராவை வீட்டுக்குள் வைத்தால் அவனும் வீட்டுக்குள் பார்த்துத் திரும்புவான். பார்வையாளர் எங்கே இருக்கிறார் என்று உடம்பு தானாகத் தேடியது. இருபது வருடப் பழக்கம் அது. சுண்ணாம்புக்கோட்டு வீட்டில் ஒத்திகை பார்த்தபோதும் இயக்குநர் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த இடம்தான் எல்லோருக்கும் 'முன்பக்கம்' ஆகிப்போயிருந்தது.

இரண்டாவது சிக்கல் கண்டினியூட்டி, அதாவது ஒரே காட்சியின் வெவ்வேறு ஷாட்டுகளில் செய்கை மாறாமல் இருப்பது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்றுதான் அவர் நடிகர்களைப் பழக்கியிருந்தார். வைடு ஷாட்டில் "வித்துட்டானா?" என்று கேட்கும்போது அக்கா வெங்காயத்தோலை ஊதுவார். குளோசப்பில் அதே வசனத்துக்குக் கத்தியைக் கீழே வைப்பார். இரண்டும் அருமையாக இருக்கும். வெட்டி ஒட்ட முடியாது. "அக்கா, போன தடவை செஞ்ச மாதிரியே செய்யுங்க" என்று நான் சொன்னேன். "செத்த வெங்காயத்தை எத்தனை தடவப்பா உரிக்கிறது?" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை.

மூன்று நாள் முடிவில், திட்டமிட்டதில் பாதிகூட எடுக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று இரவு இயக்குநர், ஒளிப்பதிவாளர், தயாரிப்பு நிர்வாகி மூவரும் பேசியபோது நானும் இருந்தேன்.

முதல் முடிவு, இரண்டு நாள் படப்பிடிப்பை நிறுத்துவது. யூனிட்டுக்கு அந்த இரண்டு நாளும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தயாரிப்பு நிர்வாகி எதிர்த்தார். கேமரா இல்லாமல், நிஜ வீட்டில், நிஜக் கதவுகளோடு ஒத்திகை நடந்தது. இயக்குநர் ஒவ்வொரு முறையும் இடம் மாறி நின்றார்; சில நேரம் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதால் மட்டும் கேட்டார். இரண்டாம் நாள் மாலைக்குள் நடிகர்கள் அவரைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இது சரியான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மிச்ச நாட்களில் வேகம் இரட்டிப்பானது.

இரண்டாவது முடிவு, முக்கியமான வசனக் காட்சிகளை ஒரே ஷாட்டில் எடுப்பது. பிலிம் காலத்தில் 400 அடி ரோல் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். டிஜிட்டலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே ஷாட் என்றால் கண்டினியூட்டிச் சிக்கலும் இல்லை; நடிகர்கள் தங்களுக்குப் பழகிய மாதிரி காட்சியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாழ்ந்துவிட்டுப் போகலாம். "எடிட்டிங்ல கை வைக்க முடியாதுண்ணே, ரெண்டு குளோசப்பாவது எடுத்து வச்சிருங்க" என்று ஒளிப்பதிவாளர் கேட்டுக்கொண்டார். இயக்குநர் சம்மதிக்கவில்லை. குளோசப்புக்காகத் திரும்ப நடிக்கச் சொன்னால் முதலில் வந்த உயிர் போய்விடும் என்றார்.

மூன்றாவது, லைவ் சவுண்டு: நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்வது. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் டப்பிங்தான். ஆனால் அக்காவால் மாதங்கள் கழித்து ஒரு கண்ணாடி அறையில் நின்று தன் உதட்டுக்குத் தானே பேச முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கார்த்திகை முதல் தேதி வந்ததும் ஊர்க் கோயில் குழாய் ரேடியோவில் விடியற்காலையிலிருந்து ஐயப்பன் பாட்டு ஓடத் தொடங்கியது. ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டோம். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்றுவரை நிறுத்திக்கொள்கிறோம், பதிலுக்குக் கடைசி நாள் ஊர் மந்தையில் எங்களுக்கு ஒரு நாடகம் போடுங்கள் என்றார்கள். போட்டோம். இந்த முழு வேலையிலும் யாருக்கும் கசப்பு மிஞ்சாத ஒரே உடன்படிக்கை அதுதான்.

நவம்பர் 8

நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. சினிமாவில் பேட்டா அன்றன்றைக்குக் கையில் கொடுக்கப்படும். தயாரிப்பு நிர்வாகியின் பெட்டியில் இருந்த மூன்று வாரப் பணமும் அந்த நோட்டுகள்தான். வங்கியில் தனிநபர் கணக்கிலிருந்து வாரத்துக்கு 20,000, அப்புறம் 24,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. சாப்பாட்டுக்குக் காய்கறி வாங்கவே திண்டாட்டம்.

சென்னையிலிருந்து வந்த தொழில்நுட்ப ஆட்களில் பாதிப்பேர் இரண்டே நாளில் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. அன்றாடம் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். படப்பிடிப்பை நிறுத்தித் தை மாதம் தொடங்கலாமா என்று தயாரிப்பாளர் கேட்டார். இயக்குநர் மறுத்தார். விடுப்பு எடுத்து வந்த ஆசிரியர்களுக்கு மறுபடி விடுப்பு கிடைக்காது, குத்தகைக்கு எடுத்த வீடு கிடைக்காது, கண்மாயில் தண்ணீர் வரும் பருவம் போய்விடும். மூன்றுமே நியாயமான காரணங்கள்.

ஆகவே சிறிய யூனிட்டோடு தொடர்ந்தோம். நடிகர்களின் பேட்டா என் நோட்டில் பாக்கியாக ஏறிக்கொண்டே போனது. யாரும் கேட்கவில்லை. குழுவாகத்தானே வந்திருக்கிறோம் என்ற நினைப்பு. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் கொடுப்போம், நம் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று முடிவானது. அப்போது அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. உண்மையில் படத்தின் கடனை, மிகக் குறைவாகச் சம்பாதிக்கிற ஆட்களின் தலையில் ஏற்றினோம்.

கண்மாய்க்கும் தண்ணீர் வரவில்லை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. நிறைந்த கண்மாயில் முடிய வேண்டிய படம், வெடித்த கண்மாயில் முடிந்தது. டிசம்பர் 5 இரவு முதல்வர் ஜெயலலிதா மறைந்த செய்தி வந்தபோது இரண்டு காட்சிகள் பாக்கி. மறுநாள் கடை, பஸ் எதுவும் இல்லை. நடிகர்களின் விடுப்பும் முடிந்திருந்தது. அந்த இரண்டு காட்சிகளும் எடுக்கப்படவே இல்லை.

எடிட்டிங் மேசையில்

முதல் வெட்டு இரண்டு மணி ஐம்பது நிமிடம் வந்தது. குறைக்க வழி இல்லை. ஒரே ஷாட்டில் எடுத்த காட்சியை ஒன்று முழுதாக வைக்க வேண்டும், இல்லை முழுதாக எடுத்துவிட வேண்டும். ஒளிப்பதிவாளர் கேட்ட அந்த இரண்டு குளோசப் இருந்திருந்தால் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு நிமிடத்தைச் சத்தமில்லாமல் உருவியிருக்கலாம்.

இழுபறியின் உச்சம் அக்காவின் ஒரு காட்சி. இறந்துபோன புருஷனோடு கிழவி தனியாகப் பேசும் காட்சி, ஏறத்தாழ ஆறு நிமிடம். அவர் அதில் ஸ்பெஷல் நாடகத்துப் புலம்பல் மெட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே அடுப்புச் சாம்பலை அள்ளுவார். படப்பிடிப்பில் மொத்தப் பேரும் அழுதது அங்கேதான். ஆனால் அந்த ஷாட்டில் பின்னால் பக்கத்து வீட்டு ஆடுகள் நாலைந்து நடந்துபோகின்றன. படத்தில் விலங்கு வந்தால் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் தணிக்கையில் நகராது. அதற்கு முன்னதாகவே பதிவு செய்திருக்க வேண்டும். திரைக்கதையில் ஆடே இல்லாததால் நாங்கள் செய்யவில்லை. ஆறு நிமிட ஷாட்டில் ஆடுகளைக் கிராபிக்ஸில் அழிக்கப் பணமும் இல்லை. நீளமும் குறைய வேண்டும், சான்றும் இல்லை. காட்சி முழுதாகப் போனது.

அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. இயக்குநருக்குச் சொல்ல மனம் வரவில்லை. சிறப்புக் காட்சியன்று திரையரங்கில்தான் அவர் தெரிந்துகொண்டார். வெளியே வந்து, "எடுத்தது தப்பில்ல தம்பி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் குழுவின் பக்கம் வரவில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பணமே செலவில்லாமல் தவிர்த்திருக்கக்கூடிய சேதம் இது ஒன்றுதான்.

வெளியீடு

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. அதோடு மாநிலக் கேளிக்கை வரியும் சேர, திரையரங்குகள் சில நாள் மூடப்பட்டன. விநியோகஸ்தர்கள் சின்னப் படங்களைத் தொடவே யோசித்தார்கள். சான்றிதழ் வாங்கி, 2018 மார்ச்சில் வெளியிட நாள் குறித்தோம். மார்ச் 1 முதல், டிஜிட்டல் திரையிடல் நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஏப்ரல் நடுப்பகுதி தாண்டும்வரை புதுத் தமிழ்ப் படமே வரவில்லை. நிறுத்தம் முடிந்ததும் தேங்கிய படங்கள் வரிசைகட்டி நின்றன. எங்களுக்கு இடம் கிடைத்தது ஜூலையில். பெரும்பாலும் காலை, மதியக் காட்சிகள். திங்கட்கிழமையே பாதித் திரைகளில் எடுத்துவிட்டார்கள். விமர்சனங்கள் நன்றாக வந்தபோது படம் ஊரில் இல்லை.

தொலைக்காட்சி உரிமையும் விற்கவில்லை. தயாரிப்பாளர் போட்ட பணத்தில் பெரும்பகுதியை இழந்தார். ஆனால் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2020 ஊரடங்கின்போது ஓர் ஓடிடி தளம் சிறு தொகைக்கு வாங்கியது. அந்தப் பணம் வந்ததும் இயக்குநர் தன் பங்கை எடுக்காமல், என் நோட்டில் இருந்த பேட்டா பாக்கியை முதலில் தீர்க்கச் சொன்னார். நாலு வருடம் கழித்துத் தீர்ந்தது.

குழுவுக்கு நேர்ந்தது

படம் நடந்துகொண்டிருந்த இரண்டு வருடமும் புது நாடகம் எதுவும் போடவில்லை. இயக்குநர் சென்னையில் எடிட்டிங்கில் இருந்தார். கூடத்தின் வாடகையை நிறுத்திக் காலி செய்தோம். அந்த இடைவெளியில் ஐந்து பேர் சினிமா வாய்ப்புத் தேடிச் சென்னைக்குப் போனார்கள். ஒருவர் இன்று குணச்சித்திர வேடங்களில் நன்றாக இருக்கிறார். இருவர் திரும்பி வந்துவிட்டார்கள். பேட்டா பாக்கியைப் பற்றி நேரில் கேட்காமல் வெளியில் பேசியதால் இரண்டு நண்பர்களுக்குள் பேச்சு நின்றது. குழுவாகப் போனோம், குழுவாகத் திரும்பவில்லை.

2019 கடைசியில் இயக்குநர் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். வெட்டப்பட்ட காட்சியையே வளர்த்து, அக்கா ஒருவர் மட்டும் நடிக்கும் ஒரு நாடகமாக்கலாம் என்று பேச்சு வந்தது. ஒத்திகை தொடங்கிய மூன்றாம் வாரம் ஊரடங்கு. 2022இல்தான் அரங்கேறியது.

ஓர் இரவு பயணத்தில் இயக்குநர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. சினிமா யூனிட் அப்பாவின் நாடகம் மாதிரி இருந்தது என்றார். ஆளுக்கொரு தேதி கொடுத்து வருகிறார்கள், அங்கேயே சந்திக்கிறார்கள், வேலையை முடித்துவிட்டுப் பிரிகிறார்கள். அதற்கென்று ஓர் ஒழுங்கும் மரியாதையும் இருக்கிறது: பேசிய கூலி விடிவதற்குள் கைக்கு வந்துவிடும். அப்பா அந்த ஒரு விஷயத்தில் கறாராக இருந்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது என்றார்.

இன்று செய்வதானால்

ஒத்திகையைக் கூடத்தில் வைக்காமல் படம் எடுக்கும் வீட்டிலேயே வைப்போம், இயக்குநர் உட்காராமல். நீண்ட ஷாட்டை விட வேண்டியதில்லை. காட்சி முடிந்ததும் கைகளை, முகங்களை, சும்மா இருக்கும் சுவரைத் தனியாகப் பத்து நிமிடம் எடுத்துவைத்தாலே எடிட்டருக்குப் போதும். ஆடு, கோழி, நாய் தெருவில் இருக்கும் எந்த ஊரிலும் விலங்குகளுக்கான முன்பதிவைத் திரைக்கதையில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் செய்துவிட வேண்டும். ஒருவருடைய காட்சி போகிறதென்றால் அன்றைக்கே அவருக்கு போன். படப்பிடிப்பு நடக்கும் காலத்தில் குழுவில் மிச்சம் இருக்கிறவர்கள் வேறொருவர் பொறுப்பில் ஒரு சின்ன நாடகமாவது செய்துகொண்டிருக்க வேண்டும். கூடத்தின் சாவி யார் கையிலாவது இருக்க வேண்டும்.

பணம் பற்றி இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறோம், இரண்டு பக்கம். நடிகர்களின் கூலி வங்கிக் கணக்கில் வாரம் ஒருமுறை, வெளி ஆட்களுக்குக் கொடுக்கும் அதே நாளில். ஒத்திகை நாட்களுக்கும் கூலி உண்டு. இரண்டாவது படத்துக்காகப் போன வருடம் வந்த ஒரு தயாரிப்பாளர் மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். ஒத்திகைக் கூலியை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். இயக்குநர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.